திரும்பி வருவதற்கான ஆதாரம்

வீட்டில் நான் என் மனைவிக்குக் கணவன். ஆபீஸில் அவளுக்கு உதவியாளன். இரண்டு இடத்திலும் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால், எந்த நேரத்தில் எந்த வேலையில் இருக்கிறேன் என்பது எனக்கே சில சமயம் குழம்பிவிடும். அதற்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். வேலை நேரத்தில் அவள் எனக்கு 'மேடம்'. நான் அவளுக்கு எப்போதும் போல 'ஏங்க'.

துப்பறிய வருவதற்கு முன்னால் மேடம் விமான நிலையத்தில் இமிக்ரேஷன் கவுண்டரில் இருந்தாள். பாஸ்போர்ட்டில் இருக்கும் முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, இரண்டும் ஒரே ஆள்தானா என்று முடிவு செய்து முத்திரை குத்துகிற வேலை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. கொலையோ கொள்ளையோ, யாரைப் பார்த்தாலும் அவள் கேட்பது மூன்றே கேள்விகள்தான். எங்கே போனீர்கள், எதற்குப் போனீர்கள், எப்போது வந்தீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். முத்திரை இன்னும் விழவில்லை.

அன்று காலையில் எங்களைக் கூப்பிட்டவர் சிஸ்டர். பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்தப் பகுதியில் பாதிப் பேரை உலகத்தில் முதலில் தொட்ட கை அவருடையதுதான், அதனால் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கணவர் மட்டும் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டார். இருமுவார்.

"சாயங்காலம் ஃப்ளைட்டு. பாஸ்போர்ட்டக் காணோம். விசா அதுலதான் ஒட்டியிருக்கு" என்றார் சிஸ்டர். குரல் நிதானமாக இருந்தது. "என் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, அவளுக்கு இது முதல் பிரசவம். படுக்கைய விட்டு எழுந்திருக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் நான் நின்னேன். என் பிள்ளைக்கு நான் நிக்கணும்."

வீடு ஏற்கெனவே தலைகீழாகக் கிடந்தது. மெத்தைகள் நிமிர்ந்து நின்றன. அலமாரித் துணிகள் தரைக்கு வந்திருந்தன. அரிசி டின்னைக்கூட விட்டுவைக்கவில்லை. கூடத்து நடுவில் ஒரு நீலப் பெட்டி மட்டும் கயிறு கட்டி, இந்த அமளியில் எனக்கென்ன என்று நின்றது.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்றாள் மேடம்.

"நேத்துக் காலைல பெட்டிய எடை போட்டு மூடினோம். அதுக்கப்புறம்கூட கைப்பையைத் திறந்து பார்த்தேன், இருந்துச்சு. மத்தியானம் வார்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரலாம்னு போனேன். வந்து பார்த்தா பை இருக்கு, பாஸ்போர்ட் இல்ல."

"பையைக் கையோட எடுத்துட்டுப் போகலையா?"

"அது ஊருக்குன்னு வாங்கின புதுப் பை. ஊருக்குப் போறப்பதான எடுக்கணும்."

நியாயம்தான். என் கல்யாணத்துக்கு வாங்கிய பெட்ஷீட் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறது.

மகன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். பேங்கில் வேலை. அவனும் மனைவியும் வேலைக்குப் போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது சிஸ்டர்தான். சிஸ்டர் விமானம் ஏறினால் அந்த வீட்டில் யாருக்கு முதலில் அழுகை வரும் என்பதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. நான் மனதுக்குள் அவன் கையில் விலங்கு மாட்டிவிட்டேன்.

"நான் எடுக்கல" என்றான் அவன். யாரும் கேட்கவே இல்லை.

"நேத்து மத்தியானம் எங்க போனீங்க, எதுக்குப் போனீங்க, எப்போ வந்தீங்க?" என்றாள் மேடம்.

பையன் ஆரம்பித்தான். பேங்க், அங்கே மேனேஜர், மேனேஜருடைய முன்கோபம், பர்மிஷன், வண்டியில் காற்று இறங்கியது, குழந்தையின் ஸ்கூல், அங்கே இருந்த கூட்டம் என்று ஊர் சுற்றி, ஒரு வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இவ்வளவு உளறுகிறவன் திருடியிருந்தால் அதையும் நடுவில் சொல்லியிருப்பான். விலங்கை மனதுக்குள்ளேயே கழற்றினேன்.

அடுத்தது சிஸ்டரின் கணவர். பார்சல் ஆபீஸில் மூட்டை கட்டியே தலை நரைத்தவர். வெளிநாட்டுப் பேச்சை எடுத்தாலே முகத்தைச் சுளிப்பார் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். "ஃப்ளைட்டா, எனக்கு லிஃப்ட்லயே தலை சுத்தும், நீ போ" என்று முதல் நாளே கழன்றுகொண்டாராம்.

அதே மூன்று கேள்விகள். பெரியவர் முதுகை நிமிர்த்தினார்.

"அஞ்சு மணிக்குத் திரும்பி வந்துட்டேன். பார்க்குக்குப் போயிருந்தேன். நடக்கறதுக்கு மட்டும். செலவு என்னோடது."

"பார்க்ல நடக்க என்னங்க செலவு?" என்றேன்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். "தண்ணி பாட்டில்" என்றார்.

கஞ்சப் பிரபு என்று நினைத்துக்கொண்டேன். மேடத்தின் இடது புருவம் லேசாக ஏறியது. அது ஏறினால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். வழக்கமாக நான்தான்.

"நேத்து வெளியாள் யாராவது வந்தாங்களா?"

"வந்தாரு" என்று மகன் குதித்தான். "அந்த விசா மாஸ்டர். அம்மாவுக்கு இன்டர்வியூ ட்ரெய்னிங் குடுத்தவரு. நான் பாப்பாவக் கூட்டிட்டு வரப்ப அவரு கேட்டைத் தாண்டிப் போயிட்டிருந்தாரு. கையில பெரிய துணிப்பை. என்னப் பார்த்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

"ஆமா, வந்தாரு" என்றார் பெரியவர் அவசரமாக. "வாழ்த்துச் சொல்ல. அவ இல்லன்னதும் போயிட்டாரு."

துணிப்பையோடு வந்து வாழ்த்துச் சொல்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை. விசா ஒட்டிய பாஸ்போர்ட்டுக்கு வெளியே என்ன கிராக்கி என்று எனக்குத் தெரியும். "கிளம்பலாமா மேடம்?" என்றேன்.

"இருங்க. ஃபைலுக்கு ஒரு போட்டோ வேணும். மூணு பேரும் நில்லுங்க."

எங்களிடம் ஃபைலே கிடையாது. இருந்தாலும் போனை எடுத்தேன். சிஸ்டர் அழுகையை அடக்கிக்கொண்டு மரியாதைக்குச் சிரித்தார். மகன் முடியைக் கோதி, தொந்தியை உள்ளே இழுத்தான். பெரியவர் மட்டும் காலண்டர் மாட்டியிருந்த இடத்தை விட்டு வெள்ளைச் சுவர்ப் பக்கமாக நகர்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார். வாயை மூடி, மோவாயைத் தூக்கி, உலகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருப்பதையே கேள்விப்படாதவர் போல் நின்றார்.

"முடி புதுசா வெட்டினீங்களா?" என்றாள் மேடம்.

"அதயேன் கேக்கறீங்க" என்றார் சிஸ்டர். "கல்யாணமானதுலேர்ந்து காதை மூடித்தான் முடி வெப்பாரு. காது பெருசாம், வெளிய தெரியக் கூடாதாம். போன மாசம் திடீர்னு ஒட்ட வெட்டிட்டு வந்து நின்னாரு. கேட்டா வெயிலுங்கறாரு."

பெரியவர் இருமினார்.

ஸ்கூட்டரில் போகும்போது என் முடிவை அறிவித்தேன். "மாஸ்டர்தான் எடுத்திருக்கான். சிஸ்டர் வீட்ல இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கான். பை வேற. கேஸ் முடிஞ்சுது."

"பாஸ்போர்ட் எவ்வளவு பெருசுங்க?"

"உள்ளங்கை அளவு."

"அதுக்குத் துணிப்பை எதுக்கு?"

நான் சிக்னலைக் கவனித்தேன். சில கேள்விகளுக்குச் சாலைப் பாதுகாப்புதான் சிறந்த பதில்.

விசா மாஸ்டரின் பயிற்சிக்கூடம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அறைக்குள் பிளைவுட்டில் ஒரு பொய்க் கவுண்டர் கட்டி, கண்ணாடி போட்டு, பேச ஒரு ஓட்டையும் வைத்திருந்தார். ஓட்டைக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் தூதரக அதிகாரி மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் பயிற்சிக்கு வந்த ஒரு பெரிய மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரு விஷயம் எப்போதும் புரிவதில்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறோம். வாசலில் நிறுத்தி, 'பேங்க்ல எவ்வளவு வெச்சிருக்கே, உன் சோத்துக்கு யார் பொறுப்பு, எப்போ கிளம்புவே, கிளம்புவேங்கறதுக்கு என்ன ஆதாரம்' என்று கேட்டால் அந்த வீட்டு வாசலை ஜன்மத்துக்கும் மிதிக்கமாட்டோம். அதையே ஒரு நாடு கேட்டால், காசு கட்டி நேரம் வாங்கி, கோட்டு போட்டுக்கொண்டு போய்ப் பதில் சொல்கிறோம். பதில் பிடிக்கவில்லையென்றால் கட்டிய காசும் கிடையாது.

"போறதப் பத்திப் பேசாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" மாஸ்டர் ஓட்டை வழியாகக் கத்தினார். "அவங்களுக்கு நீங்க வர்றது முக்கியமில்ல சார், திரும்பிப் போறதுதான் முக்கியம். எதைக் கேட்டாலும் முதல்ல திரும்பி வர்றதச் சொல்லணும். அப்புறம் எங்க. அப்புறம் எதுக்கு. கடைசியா யார் செலவு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த பேசினா ரிஜெக்ட்."

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பாடம் புரியாத பிள்ளையை டீச்சர் பார்க்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்க்குக்கு நடக்கப் போனவர் தன் சொந்தச் செலவில் போனதாக ஏன் சொன்னார் என்று.

சுவரில் ஒரு போட்டோ மாதிரியை ஒட்டி வைத்திருந்தார்கள். பின்னணி வெள்ளை. கண்ணாடி கூடாது. சிரிக்கக் கூடாது. காது இரண்டும் தெரிய வேண்டும்.

"காது" என்றேன் நான் முணுமுணுப்பாக.

"பரவால்லையே" என்றாள் மேடம்.

மாஸ்டர் எங்களைப் பார்த்துவிட்டார். "வாங்க, உக்காருங்க. கணவன் மனைவி ரெண்டு பேருமா போறீங்களா? கஷ்டம். ரெண்டு பேரும் கிளம்பினா திரும்பி வர ஆதாரம் எங்க? ஒருத்தர் இங்க இருந்தாதான் இன்னொருத்தர் வருவாங்கன்னு நம்புவாங்க. சார் வேணா வீட்ல இருக்கட்டும்."

"நாங்க எங்கயும் போகல. நீங்க நேத்து எங்க போனீங்கன்னு கேக்க வந்தோம்" என்றாள் மேடம்.

மாஸ்டரின் முகம் அதிகாரியிலிருந்து விண்ணப்பதாரருக்கு இறங்கியது. "நான் எங்கயும் போகலையே. நாள் பூரா இங்கதான்."

மேடம் கவுண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கறுப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கோட்டை எனக்கே தெரியும். எங்கள் பகுதியில் யார் வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தாலும் போட்டோவில் இந்தக் கோட்டைத்தான் போட்டிருப்பார்கள். ஒல்லியானவருக்குப் பின்னால் கிளிப் குத்தி, குண்டானவருக்கு முன்னால் ஃபைலைப் பிடிக்கச் சொல்லி, எத்தனையோ பேரை மாஸ்டர் அதற்குள் நுழைத்து அனுப்பியிருக்கிறார்.

"ஆணியில தொங்கற கோட்டுக்குக் குறுக்கால மடிப்பு எப்படி விழும்?" என்றாள் மேடம். "நாலா மடிச்சு யாரோ பைக்குள்ள வெச்சுக் கொண்டுவந்திருக்காங்க. மடிப்பு இன்னும் கலையல. நேத்து சிஸ்டர் வீட்ல நீங்க வாங்கிட்டு வந்தது இதத்தான? சிஸ்டர் இந்தக் கோட்டு போட்டிருக்க மாட்டாங்க. பையன் போட்டிருந்தா உங்களக் காட்டிக் குடுத்திருக்க மாட்டான். மிச்சம் யாரு?"

வியர்த்துக்கொண்டிருந்த பெரிய மனிதரை மாஸ்டர் வெளியே அனுப்பினார். பிறகு ஓட்டை வழியாகவே பேசினார். பழக்கம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு பெரியவர் என் கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு மேடம். அந்தம்மாவுக்கு விசா கிடைச்ச மறுநாள் வந்தாரு. நானும் போகணும், அவளுக்குத் தெரிய வேணாம், கிடைச்சப்புறம் சொல்லி ஆச்சரியப்படுத்தணும்னாரு. ஒழுங்கா ட்ரெய்னிங் எடுத்தாரு. இவ்வளவு நல்ல மாணவன நான் பார்த்ததில்ல. பதிலெல்லாம் தூக்கத்துல கேட்டாக்கூட சொல்வாரு."

"இப்பவும் சொல்றாரு. கிடைச்சுதா?"

"இல்ல." மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். "வீடு சொன்னாரு, பென்ஷன் சொன்னாரு, எல்லாம் கரெக்டு. கடைசில அந்த ஆபீசர் ஒரு கேள்வி கேட்டாராம். 'உங்க மனைவி அங்கயே தங்கிட்டா, நீங்க மட்டும் திரும்பி வருவீங்களா?' என் சிலபஸ்லயே இல்லாத கேள்வி மேடம். வருவேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சுது. பெரியவர் வாயே திறக்கலையாம். ரிஜெக்ட். அன்னைலேர்ந்து ஆளு இந்தப் பக்கமே வரல. கோட்டும் வரல. அதனாலதான் நானே போனேன்."

"சிஸ்டர்கிட்டயும் சிலபஸ்லதான் கேட்டாங்களா?"

"அதச் சொல்லாதீங்க. நான் சொல்லிக் குடுத்த எதையும் அந்தம்மா சொல்லல. மறந்துட்டாங்களாம். என்னத்தையோ சொன்னாங்களாம், ஆபீசர் சிரிச்சுக்கிட்டே விசா குடுத்துட்டாராம். என்ன சொன்னீங்கன்னு எவ்வளவோ கேட்டேன். 'உங்ககிட்ட சொன்னா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துடுவீங்க, மாட்டேன்'னு போயிட்டாங்க."

திரும்பும்போது நான் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டினேன். "சரி, எடுத்தது பெரியவர். எங்க வெச்சிருக்காரு? அரிசி டின்னு வரைக்கும் கொட்டியாச்சே."

"அந்த வீட்ல கலைக்காத இடம் ஒண்ணுதான் இருக்கு" என்றாள் மேடம். "எல்லாரும் பாஸ்போர்ட் காணாமப் போறதுக்கு முன்னாடியே மூடின இடம்."

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மகன் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். சிஸ்டர் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"எடை மெஷின எடுங்க" என்றாள் மேடம்.

நானும் மகனும் நீலப் பெட்டியைத் தூக்கி வைத்தோம். முள் எல்லைக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"நேத்து சரியா கோட்டுல நின்னுச்சே" என்றான் மகன். "அதுக்காக அம்மா செருப்பக்கூட வெளிய எடுத்தாங்களே."

"மெஷின் பழசு" என்றார் பெரியவர் ஜன்னலைப் பார்த்தபடி.

"சிஸ்டர், நேத்து இந்தக் கயித்தக் கட்டினது யாரு?"

"என் பையன்தான். நாங்க மூணு பேரும் மேல உக்காந்தாதான் பெட்டியே மூடுச்சு. அவன் ஷூவுக்கு முடிச்சு போடற மாதிரி போட்டான்."

எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம். கயிறு குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டப்பட்டு, முடிச்சு பலகை மாதிரி படிந்து, நுனி இரண்டும் உள்ளே செருகப்பட்டிருந்தது. அதை முடிச்சு என்று சொல்வதே தப்பு. அது ஒரு கையெழுத்து. காலமெல்லாம் மூட்டை கட்டிய ஒரு கைதான் அதைப் போட முடியும். மூன்று பேர் ஏறி உட்கார்ந்து மூடிய பெட்டியைத் தனி ஆளாகத் திறந்து மூடவும் அந்தக் கையால்தான் முடியும்.

"பாஸ்போர்ட்ட எடுத்து உள்ள வெச்சீங்க, சரி" என்றாள் மேடம் மெதுவாக. "பழைய மாதிரியே கட்டியிருந்தா யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. ஏன் மாத்திக் கட்டினீங்க?"

பெரியவர் திரும்பினார். பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் தொழில் மானம் முந்திக்கொண்டது.

"அவன் கட்டினது ஏர்போர்ட் போறதுக்குள்ள அவுந்துடும்" என்றார். "வழியில பெட்டி வாயப் பொளந்துச்சுன்னா இவ தனியா என்ன பண்ணுவா?"

பயணத்தைக் கெடுக்கப் பார்த்த மனிதர், பயணத்தில் பெட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று முடிச்சை மாற்றிக் கட்டியிருக்கிறார். எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு திருடரைப் பார்த்ததில்லை.

சிஸ்டர் எழுந்து வந்தார். "திறங்க" என்றார்.

பெரியவர் குனிந்து ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். கயிறு முழுவதும் ஒரே இழுப்பில் கழன்று விழுந்தது. மூடியைத் திறந்ததும் மேலாகவே ஆண்கள் ஸ்வெட்டர் ஒன்று இருந்தது. பழுப்பு நிறக் கம்பளி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுசு. அதன் கைக்குள்ளிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கி விசா ஒட்டிய பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"அங்க ஒருத்தி படுக்கையில கிடக்கறா" என்றார். "உங்க பொண்ணு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

பெரியவரால் நிமிர முடியவில்லை. "ஏர்போர்ட் வரைக்கும் போவே, அங்க தேடுவே, கிடைக்காது, வீட்டுக்கு வந்துடுவேன்னு நினைச்சேன். பெட்டியப் பிரிச்சா கிடைச்சிடும். தொலைஞ்ச மாதிரியும் இருக்கும், தொலையாத மாதிரியும் இருக்கும். நேத்தே நீ தேட ஆரம்பிப்பேன்னு நினைக்கல. ஆரம்பிச்சப்புறம் எடுத்துக் குடுக்க வெக்கமா இருந்துச்சு."

"இந்த ஸ்வெட்டர் யாருக்கு?"

அவர் இருமினார். அந்த இருமல் இந்தத் தடவை பலிக்கவில்லை. மேடம்தான் சொன்னாள். முடி வெட்டியது, கோட்டு போட்டது, இன்டர்வியூவுக்குப் போனது, கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் கணவரையே பார்த்துக்கொண்டு கேட்டார். மகன் போனை வைத்துவிட்டான்.

"வருவேன்னு சொல்ல வேண்டியதுதான?" என்றார் சிஸ்டர்.

"சொல்ல வரல." பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அங்க தங்கிட்டா நான் எதுக்கு இங்க வரணும்? வீட்டையும் பென்ஷனையும் வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப் போறேன்? அந்த ஆளு கேட்டப்பதான் எனக்கே தோணுச்சு, இவ திரும்பி வராமலும் போகலாம்னு. பொண்ணு அங்க. பேரக் குழந்தை அங்க. இங்க என்ன இருக்கு? அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

எனக்கு நக்கலாக ஒன்றும் தோன்றவில்லை. இது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"என்கிட்டயும் அதத்தான் கேட்டாங்க" என்றார் சிஸ்டர். "பொண்ணு அங்க, குழந்தை அங்க, இங்க என்ன இருக்குன்னு திரும்பி வருவீங்கன்னு. மாஸ்டர் சொல்லிக் குடுத்ததெல்லாம் மறந்து போச்சு. வாயில வந்ததச் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

சிஸ்டருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அதுவும் எங்களை வைத்துக்கொண்டு. கணவரைப் பார்க்காமல் பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரர் தனியா இருந்தா விளக்கப் போட்டுக்கிட்டேதான் தூங்குவாரு. நான் இருந்தாதான் அணைப்பாரு. ரொம்ப நாள் வெளிச்சத்துல தூங்க முடியாதுங்க, நான் வந்துடுவேன்னு சொன்னேன். அந்த ஆளு வேற எதுவும் கேக்கல."

பெரியவர் பெட்டிப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த முன்பின் தெரியாத ஒரு அதிகாரி அந்த ஒரு வார்த்தையை நம்பி முத்திரை குத்தியிருக்கிறார். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்தவர்தான் நம்பவில்லை. அவருக்காக எனக்கு வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது.

"குழந்தைய மடியில போட்டுக் குளிப்பாட்டற வரைக்கும் அங்க இருப்பேன்" என்றார் சிஸ்டர். "பொண்ணு எழுந்து நடமாடினதும் வந்துடுவேன். நம்பறீங்களா, இல்ல உங்களுக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டணுமா?"

பெரியவர் தலையை ஆட்டினார். "வேணாம்" என்றார். பிறகு பெட்டியிலிருந்து தன் ஸ்வெட்டரை எடுக்கப் போனார்.

சிஸ்டர் அவர் கையைத் தட்டிவிட்டார். "அது இருக்கட்டும். அங்க குளிருமாம்."

"அது எனக்கு எடுத்தது. உனக்குத் தொளதொளன்னு இருக்கும்."

"இருக்கட்டும்." தன்னுடைய சால்வையை எடுத்து வெளியே வைத்தார். முள் கோட்டுக்கு வந்தது. பெரியவர் பெட்டியை மூடி, தனி ஆளாக, யாரையும் கிட்டே விடாமல் கயிறு கட்டினார். அதை வேடிக்கை பார்க்கவே டிக்கெட் போடலாம்.

டாக்சி வந்து ஹாரன் அடித்தது. மகன் பெட்டியை ஏற்றினான். ஏற்றும்போதே, அம்மா வரும்வரை குழந்தையை அப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். சதிக்கு அந்தத் தண்டனை போதும் என்று எனக்கும் பட்டது.

"ஏங்க, ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுங்க" என்றாள் மேடம். "இது நிஜமாவே ஃபைலுக்கு."

நான் போனைத் தூக்கியதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். மோவாயைத் தூக்கினார். வாயை மூடிக்கொண்டு வெள்ளைச் சுவரைத் தேடினார்.

"இது விசாவுக்கு இல்ல" என்றார் சிஸ்டர். கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கித் தானே மாட்டிவிட்டார். பிறகு அவருடைய பெரிய காதை, எல்லோர் முன்னாலும், லேசாகப் பிடித்துத் திருகினார்.

படத்தைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தார். பின்னணியில் டாக்சியும் குப்பைத் தொட்டியும் தெரிந்தன. ஒரு காது சிஸ்டரின் விரல்களில் மறைந்துவிட்டது. வாய் நிறையப் பல். எந்த நாடும் அந்தப் போட்டோவை ஏற்றுக்கொள்ளாது. சிஸ்டர் டாக்சியில் ஏறி உட்கார்ந்த கையோடு, அதை உடனே தன் போனுக்கு அனுப்பச் சொன்னார்.